எச்ச உம்மை

இந்த எடம் காலியா தம்பி? உக்காரலாமா?

‘உம்’முன்னுட்டீங்க, நல்லது. அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வெச்சுக்கிட்டீங்கன்னா என் பெட்டியைக் காலடியில தள்ளிருவேன். ஆங், போதும். கரூர் வரைக்கும் நின்னுக்கிட்டே போகணுமோன்னு பயந்துட்டேன். அறுபத்தெட்டு முடிஞ்சுருச்சு, முட்டி ரெண்டும் இப்ப நம்ம பேச்சைக் கேக்கறதில்ல.

டிரைவர் தலைக்கு மேல எழுதியிருக்கான் பாருங்க. ‘பயணிகள் தங்கள் உடைமைகளைத் தாங்களே பாதுகாத்துக் கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக் கொள்ளப்படுகிறார்கள்.’ ஒம்பது சொல்லு. இதுல கேக்கறது யாரு? பஸ் ஓனரா, கண்டக்டரா, அரசாங்கமா? தெரியாது. ‘படுகிறார்கள்’னு போட்டுட்டா போதும், செஞ்சவன் சீட்டுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவான். எனக்கு இந்த எழுத்தைக் கண்டாலே பத்திக்கிட்டு வரும். ‘உங்கள் பொருளுக்கு நீங்களே பொறுப்பு.’ நாலு சொல்லு, முடிஞ்சுது. அந்த ‘நீங்களே’ல இருக்கற ஏகாரத்தையும் கழிச்சுட்டா இன்னும் சுத்தம்.

வாத்தியாரான்னு பாக்கறீங்க. ஆமா, முப்பத்தினாலு வருஷம் தமிழாசிரியர். புலவர் வடிவழகன்னா திண்டுக்கல்ல தெரியாதவங்க கம்மி. ரிட்டையரானப்புறம் சும்மா இருக்க முடியல. ஆபீசு, மில்லு, சொசைட்டின்னு போயி, தெளிவா எழுதறது எப்படின்னு வகுப்பு எடுக்கறேன். மூணு நாள் வகுப்பு. கடுதாசியோ ரிப்போர்ட்டோ வாக்குமூலமோ, எது வேணா கொண்டாங்க, பாதியாக்கித் தரேன். எனக்குக் கருவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு இந்தச் சிவப்புப் பேனா. இன்னொண்ணு ஒரு ஸ்கேலு. படிக்கற வரிக்கு மேலயும் கீழயும் மறைச்சு வெச்சுக்கிட்டா மத்த வரி கண்ணுல படாது பாருங்க. கையில இருக்கற வரியை மட்டும் கவனிக்கலாம். அப்புறம் வாய்விட்டுப் படிக்கணும். எங்க மூச்சு முட்டுதோ அங்க வெட்டணும். அவ்வளவுதான் என் வித்தை.

நீங்க நல்லாக் கேக்கறீங்க தம்பி. உம் கொட்டிக் கேக்கற ஆளு இப்ப எங்க கிடைக்கறான்? எல்லாரும் காதுல ஒயரை மாட்டிக்கிட்டுச் செவுத்தைப் பாத்து உக்காந்திருக்கான். நீங்க ஒரு உம், அதுக்கப்புறம் ஒரு உம். வேற பேச்சே இல்ல. சுருக்கம்னா இதான்.

பையில என்ன, இரும்புச் சத்தம் கேக்குது? பூட்டா? அதானே, திண்டுக்கல் வந்துட்டுப் பூட்டு வாங்காமப் போவாங்களா. காட்டுங்க பாப்போம். நல்ல கனமா இருக்கே. ரெண்டு வாங்கியிருக்கீங்க. ரெண்டு கதவா? ஒரே கதவுக்கா? ஒரு கதவுக்கு எதுக்கு ரெண்டு பூட்டு... சரி, அவங்கவங்க கதவு, அவங்கவங்க பூட்டு. உள்ள வெச்சுக்கங்க.

நான் கரூர் போறது மக வீட்டுக்கு. வீட்டுக்காரி சௌந்தரம் போன வாரமே போயிட்டா. ‘இந்த வீட்டுல இனி ஒரு நாள் இருக்க மாட்டேன், நீங்களும் கிளம்புங்க’ன்னா. நான்தான் ஒரு வாரம் வீம்புக்கு இருந்தேன். இன்னிக்குக் காலையில எனக்கும் கொஞ்சம் ஒரு மாதிரியாப் போச்சு. எல்லாம் தபால் கார்டுனால. இருங்க, காட்டறேன். ரப்பர் பேண்டு போட்டு வெச்சிருக்கேன்.

இந்தாங்க. இந்தப் பக்கம் என் பேரு, விலாசம், பின்கோடு, எல்லாம் பிழையில்லாம. திருப்புங்க. கார்டு நடுவுல ரெண்டே எழுத்து. ‘உம்’. அன்புள்ளன்னு இல்ல, இப்படிக்குன்னு இல்ல. அடுத்ததைப் பாருங்க, அதுலயும் அதேதான். எல்லாத்துலயும் அதேதான். எழுவாய் எங்க, பயனிலை எங்கன்னு பக்கத்துலயே சிவப்புல கேட்டு வெச்சிருக்கேன் பாருங்க. வாக்கியமா இது? அந்த ‘உ’வுக்கு மட்டும் வால் எவ்வளவு நீளம் விட்டிருக்கான், கார்டு ஓரம் வரைக்கும். எங்கயோ பாத்த எழுத்து மாதிரி இருக்கு. நான் திருத்தின பேப்பர் கொஞ்சமா நஞ்சமா, எதைன்னு ஞாபகம் வெச்சுக்கறது.

யாரோ பழைய மாணவன் விளையாடறான்னு நெனச்சேன். சௌந்தரத்துக்குத்தான் முதல்ல உறைச்சுது. நாலாவது கார்டு வந்த அன்னிக்கு, நாலையும் சன்னல் வெளிச்சத்துல வரிசையா வெச்சுப் பாத்தா. அப்புறம், ‘அந்த வாட்ச்மேன் வெளிய வந்துட்டான்போல’ன்னா.

எந்த வாட்ச்மேன்னு நீங்க கேக்கலியே. சொல்றேன்.

வேடசந்தூர் தாண்டினா ஒரு நூல் மில்லு. ஒம்பது வருஷத்துக்கு முந்தி அங்க பஞ்சு குடோன்ல தீ. உள்ள கழிவுப் பஞ்சு பிரிச்சுக்கிட்டிருந்த பொம்பளைங்க மூணு பேரு போயிட்டாங்க. பட்டப்பகல்ல. முன்பக்கம் தீ, பின்கதவுல பூட்டு. பஞ்சு திருட்டுப் போகுதுன்னு பின்கதவுக்கு ரெண்டு பூட்டுப் போட்டு வெச்சிருந்தாங்களாம். மேல்பூட்டுச் சாவி சூப்பர்வைசர்கிட்ட, அவரு மொதலாளியோட மச்சினன். கீழ்ப்பூட்டுச் சாவி வாட்ச்மேன்கிட்ட. பேரு ராசாங்கம்.

ரெண்டு பூட்டுன்னதும் உங்க பூட்டு ஞாபகம் வந்துருச்சு பாருங்க. சில நேரம் அப்படி அமையும்.

அந்த வாரம் நான் அந்த மில்லுலதான் வகுப்பு எடுத்துக்கிட்டிருந்தேன். ஆபீஸ் ஸ்டாஃப் பதினஞ்சு பேரு. ரெண்டாம் நாள் மத்தியானம் பர்சனல் ஆபீசர் ஜெகதீசன் ஒரு நோட்டுப் புஸ்தகத்துத் தாளைக் கொண்டாந்தார். நாலு பக்கம், பொடிப்பொடியா. ‘வாட்ச்மேன் எழுதிக் குடுத்த வாக்குமூலம் ஐயா. படிச்சாத் தலையும் புரியல வாலும் புரியல. நீங்கதான் தெளிவாக்கிக் குடுக்கணும்’னார். நல்ல மனுஷன், எங்கிட்ட மரியாதையாப் பேசுவார். எனக்கு என்ன தோணுச்சுன்னா, பாடத்துக்குப் பாடமும் ஆச்சு, வேலைக்கு வேலையும் ஆச்சு. போர்டுல எழுதிப் போட்டு, வகுப்புலயே எல்லாருமாச் சேந்து திருத்தினோம்.

சும்மா சொல்லக் கூடாது, அன்னிக்கு வகுப்பு அப்படி ஒரு கலகலப்பு. ‘எதை எடுக்கலாம், சொல்லுங்க’ன்னு கேப்பேன், ஆளாளுக்குக் கையைத் தூக்குவாங்க. ‘உள்ள ஆளு இருக்காங்கன்னு சொல்லியும் கேக்கல’ன்னு அவன் அஞ்சாறு எடத்துல எழுதியிருந்தான். ஒரு எடத்துல எழுதினா பத்தாதா? கூறியது கூறல்னு இலக்கணமே அதைக் குத்தம்னு சொல்லுது. எடுத்தாச்சு. ‘அஞ்சு நிமிசந்தான், மூட்டை எண்ணிட்டுத் தொறந்துரலாம்னு சொன்னாரு’ன்னு ஒரு வரி. அடுத்தவன் பேச்சு நம்ம வாக்குமூலத்துல எதுக்கு? எடுத்தாச்சு. செத்த மூணு பேர்ல ஒருத்தி அவன் கூடப் பொறந்த தங்கச்சியாம். அதை ஒரு பக்கம் எழுதியிருந்தான். பாவம்தான், ஆனா விசாரணைக்கு அதனால என்ன? எடுத்தாச்சு.

கடைசியா ஒரு வாக்கியம் நின்னுச்சு. நீள வாக்கியம். ‘மேல்பூட்டை சூப்பர்வைசர் ஐயா பூட்டினாரு, அவரு சத்தம் போட்டதுனால கீழ்ப்பூட்டை நானும் பூட்டினேன்.’ என் ரெண்டாவது விதி என்ன தெரியுமா? ஒரு வாக்கியத்துக்கு ஒரு ஆளு, ஒரு செயலு. ஆக, ரெண்டா வெட்டினோம். முதல் பாதி சூப்பர்வைசர் சமாச்சாரம். அது அவரு வாக்குமூலத்துல வரவேண்டியது, இதுல எதுக்குன்னு ஜெகதீசன் கேட்டார். நியாயந்தானே. மிச்சம், ‘பின்கதவை நானும் பூட்டினேன்’.

இந்த எடத்துலதான் நான் வகுப்பையே நிறுத்தி ஒரு பாடம் நடத்தினேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம். ‘தம்பியும் வந்தான்’னு சொன்னீங்கன்னா, அண்ணன் வந்துட்டான்னு அர்த்தம். அண்ணன் பேரையே சொல்ல வேணாம். அந்த ‘உம்’ போயி அவனைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்துரும். எவ்வளவு அழகு பாருங்க. வேற எந்த பாஷையில ரெண்டே எழுத்துக்கு இந்த பலம் இருக்கு? இதுக்கு எச்ச உம்மைன்னு பேரு. சொல்லாம விட்டவனைக் காட்டிக் குடுக்கற உம்மை.

பதினஞ்சு பேரும் வாயைப் பொளந்து கேட்டாங்க. அப்புறம் நான் என்ன கேட்டேன்? ‘இப்ப இந்த வாக்கியத்துல உம் இருந்தா, படிக்கறவன் என்ன செய்வான்? இன்னொருத்தன் யாருன்னு தேடுவான். படிக்கறவனைத் தேட விடலாமா?’ கூடாதுன்னாங்க. சிவப்புச் சாக்பீசால நானே அடிச்சேன். ‘பின்கதவை நான் பூட்டினேன்.’ நாலு பக்கம் ஆறு வரியாச்சு. கை தட்டினாங்க தம்பி. வகுப்பு முடிஞ்சு சால்வை போட்டாங்க, அடுத்த வருஷமும் நீங்கதான் வரணும்னு மொதலாளியே சொன்னார். எழுத்துக்கு மரியாதை குடுக்கற எடம் அது.

பழைய நாலு பக்கமா? கிழிச்சுப் போட்டேன். திருத்தினதும் திருத்தாததும் ஒண்ணா இருந்தாக் குழப்பம். அதுவும் என் விதிதான்.

என்ன தம்பி, தண்ணி வேணுமா? மடியில பூட்டு ரெண்டும் மோதிக்குதே. பஸ்ஸு குலுக்கலா? ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான், என்ன செய்யறது.

டைப் அடிச்சு அவன்கிட்டக் கையெழுத்துக்குக் கொண்டு போனாங்க. ஆஸ்பத்திரியில கிடந்தான், ஒரு கை வெந்து போயி. கதவைத் தொறக்கப் போயி வெந்துச்சுன்னு சொன்னாங்க. ஜெகதீசன் படிச்சுக் காட்டியிருக்கார். ‘பின்கதவை நான் பூட்டினேன்’னு படிச்சதும் அவன் ‘உம்’னானாம். சரின்னு சொல்றான்னு இவர் கையெழுத்து வாங்கிட்டார். பின்னாடி கோர்ட்டுல அவன் சொன்னானாம், ‘நான் சரின்னு சொல்லலங்க, அதுல உம் விட்டுப் போச்சுன்னு சொன்னேன்’னு. கோர்ட்டே சிரிச்சுதுன்னு ஜெகதீசன் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். எனக்கும் சிரிப்பு வந்துச்சு.

நீங்க சிரிக்கலியா? இதுக்கும் ‘உம்’தானா.

என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டாங்க. அவன் பக்கத்து வக்கீல் ஒரு சின்னப் பொண்ணு. ‘அசல்ல நானும்னு இருந்துச்சா?’ன்னு கேட்டா. இருந்துச்சுன்னேன். நான் பொய் சொல்ற ஆளு இல்ல. ‘அதை எடுத்ததுனால பொருள் மாறிடுச்சில்லையா?’ன்னு கேட்டா. ‘அம்மா, உம் வந்தா வாக்கியத்துல இன்னொரு பேரு இருக்கணும். அந்த வாக்கியத்துல வேற பேரு இல்ல. ஆகவே அது வெறும் அசை, எடுத்தாப் பொருள் மாறாது’ன்னேன். ஜட்ஜையா என்னை ‘புலவரே’ன்னு கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கிட்டார். முந்தின வாக்கியத்துல சூப்பர்வைசர் பேரு இருந்துச்சே, அதை ஏன் சொல்லலன்னு சௌந்தரம் இன்னிக்கும் கேப்பா. அந்தப் பொண்ணு முந்தின வாக்கியத்தைப் பத்திக் கேக்கல தம்பி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். சுருக்கம்னா அதுவும்தான்.

அவனை நான் பாத்ததில்ல. கூண்டுல நின்னான், நான் அந்தப் பக்கம் திரும்பல. கேக்கறவங்களைப் பாத்துத்தான் பதில் சொல்லணும். ஏழு வருஷம் போட்டாங்க. சூப்பர்வைசர் மேல கேஸே நிக்கல.

‘அவன் நான் பூட்டலன்னு சொல்லலியே. நானும்னுதானே சொன்னான். தன் பங்கை ஒத்துக்கிட்டானே’ன்னா சௌந்தரம், கார்டைப் பிடிச்சுக்கிட்டு. ‘நீங்க எடுத்துப் போட்டதை அவன் உங்களுக்கே திருப்பி அனுப்பறான்’னா. சொல்லிட்டு அழுதா. எனக்குக் கோவம் வந்துருச்சு. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவ, ஒரு எழுத்துத் திருத்தத்தைக் கொலை மாதிரிப் பேசறா. நான் எடுத்தது ஒரு உம். ஒரே ஒரு உம்.

முத்திரையைப் பாருங்க. முதல் கார்டு மதுரை. அடுத்தது வாடிப்பட்டி. கொடைரோடு. சின்னாளபட்டி. அப்புறம் திண்டுக்கல் ஹெட்போஸ்ட் ஆபீசு. அதுக்கப்புறம் எங்க தெருமுனைத் தபால் ஆபீசு. அந்தக் கார்டு வந்த அன்னிக்குத்தான் சௌந்தரம் பஸ் ஏறினா. இது இன்னிக்குக் காலையில வந்தது. இதுல முத்திரையே இல்ல. கதவுக்கு அடியில தள்ளியிருக்கு. நான் உள்ள காபி போட்டுக்கிட்டிருந்தேன், பாத்துக்கங்க. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நின்னிருக்கான், இந்தப் பக்கம் நான் சர்க்கரை டப்பாவைத் தேடிக்கிட்டிருந்திருக்கேன்.

பயமான்னா, பயம்னு இல்ல. பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன். கரூர் விலாசம் யாருக்கும் தெரியாது. உங்ககிட்டயும் தெருப் பேரைச் சொல்லல பாத்தீங்களா.

அந்தா, அந்தா, சன்னல் பக்கம். நீளமாத் தகரக் கூரை தெரியுதே, அதான் மில்லு. குடோனைப் புதுசாக் கட்டிட்டாங்க. திரும்பிப் பாக்கலாமே தம்பி? முன்னாடியே பாத்திருக்கீங்களா?

‘உம்’முங்கறீங்க. இந்தப் பக்கம் வேலையா வந்திருப்பீங்க.

சௌந்தரம் கிடக்கட்டும், நீங்களே சொல்லுங்க. நீங்க பொதுவான மனுஷன். அந்த ஆறு வரியை ஜெராக்ஸ் போட்டு வெச்சிருக்கேன், வகுப்புக்கு மாதிரி காட்டறதுக்கு. இந்தாங்க. ஆற அமரப் படிங்க. பதட்டமில்ல, சுத்தி வளைக்கல, ஒரு சொல்லு கூடுதல் இல்ல. இதுல எங்கயாவது குறை இருந்தாச் சொல்லுங்க, நான் ஒத்துக்கறேன். பேனா இந்தாங்க. எங்க குறைன்னு தோணுதோ அங்க ஒரு சுழி போடுங்க.

எழுத வருமா உங்களுக்கு? தாளைப் பிடிச்ச கையில விரலெல்லாம் ஒட்டின மாதிரி இருக்கே. பழைய தீக்காயமா? மெதுவாப் பிடிங்க, பரவால்ல.

எங்க போடறீங்க? நாலாவது வரி. ‘பின்கதவை நான்’... ‘நான்’ பக்கத்துல மேல கூரை மாதிரிக் குறி போடறீங்க. விட்டுப்போனதைச் சேக்கறதுக்கு நாங்க போடற குறி அது. உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? என்ன சேக்கறீங்க? உ. இந்த வால்... தாளை விட்டு வெளிய போகுதே தம்பி இந்த வால்.

ம்.

உங்க பேரை நான் கேக்கவே இல்லியே.

இல்ல, வேணாம். சொல்ல வேணாம். பேனா இருக்கட்டும், நீங்களே வெச்சுக்கங்க. தாளும் இருக்கட்டும். கொஞ்சம் காலை நகத்துங்க, பெட்டியை எடுத்துக்கறேன். காலை நகத்துங்கன்னு சொல்றேன்ல. கண்டக்டர் தம்பி, இது என்ன ஊரு? அரவக்குறிச்சியா? விசிலை ஊதுங்க. நான் இறங்கணும். கரூர் டிக்கெட்தான், பரவால்ல, இங்கயே இறங்கிக்கறேன். மக வீட்டுக்கு வேற பஸ்ஸுல போயிக்கறேன். ஆமா, ஒரு ஆளுதான். நான்.

என்ன சொன்னீங்க தம்பி?

‘நானும்’னா சொன்னீங்க?